ரேடியேட்டரைத் துப்புரவாக வைப்போம்

(செல்லிப்பட்டில் உழவர்களும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)

 

சங்கராபரணி ஆற்றின் கரையில் வாழும் உங்களுக்கு வாய்க்காலின் அருமையை யாரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இவ்வூரின் அருகே கட்டப்பட்ட படுகை அணையைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வந்தீர்கள். ஊசுட்டேரிக்கு நீர் கொண்டு செல்லும் சுத்துக்கேணி வாய்க்காலையும், பாகூர் ஏரிக்கு நீர் கொண்டு செல்லும் பங்காரு வாய்க்காலையும் அறிவீர்கள். ஆற்றில் வெள்ளம் புரண்டு ஓடினாலும், வாய்க்கால் தூர்ந்திருந்தால் ஏரி நிரம்பாது. மதகின் வாயில் கோரையும் ஆகாயத்தாமரையும் வந்து அடைத்துக்கொண்டால், அவற்றை எடுத்தெறியும் வரையில் கடைமடை வயலுக்கு நீர் ஏறாது. இது நம் பாட்டனார் காலத்திலிருந்து நாம் கைக்கொண்டுவரும் அறிவு.

நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளும் தூர் வாரும் வேலையைப் பற்றியதே. ஆனால், அது டிராக்டரின் முகப்பிலே, ரேடியேட்டர் என்னும் சிறு பெட்டிக்குள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான நுண்ணிய வாய்க்கால்களைப் பற்றியது. அவற்றில் ஓடுவது காற்று. அவற்றைத் தூர்ப்பவை பதரும், வைக்கோல் துணுக்கும், நெற்சுணையும், செம்மண் தூசியும். வீட்டு வாசலிலேயே, அரை மணி நேரத்தில், பெருஞ்செலவின்றி முடிக்கக்கூடிய வேலை இது. இதைச் செய்யாமல் விட்டதால் நாங்களே பட்ட துன்பத்தை முதலில் சொல்லுகிறோம்.

ஒரு தை மாதத்து அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன்னர், சம்பா அறுவடையின்போது எங்கள் டிராக்டர் நாள்தோறும் வைக்கோல் கட்டும் வேலையில் இருந்தது. நான்காம் நாள் நண்பகலில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, "முள் சிவப்புக்குப் போகிறது, அரை மணி கொடுத்தால் ரேடியேட்டரை ஊதிவிட்டு வருகிறேன்" என்றார். வானத்தில் மேகம் கூடிக்கொண்டிருந்தது. வாடகையோ மணிக்கணக்கு. "இந்தப் பாத்தியை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்" என்று நாங்கள் சொன்னோம். அவர் மறுத்துப் பேசவில்லை.

பாத்தி முடிவதற்குள் பானெட்டின் இடுக்கிலிருந்து நீராவி சீறியது. பதற்றத்தில், போர்க்கிணற்றுத் தண்ணீரை ஒரு குடம் கொண்டுவந்து சூடான எஞ்சின்மேலேயே ஊற்றினோம். அதுவும் எங்கள் யோசனையே. சிலிண்டர் மூடி வளைந்தது. அதன் கீழுள்ள கேஸ்கெட் எரிந்தது. பதினைந்து நாட்கள் வண்டி பட்டறையில் கிடந்தது. அந்தப் பதினைந்து நாட்களுக்குள் மழையும் வந்தது. எங்கள் வண்டியை நம்பியிருந்த மூன்று குடும்பங்களின் வைக்கோல் வயலிலேயே நனைந்து கறுத்தது. கோடையில் அவர்கள் மாட்டுக்குத் தீவனம் விலைக்கு வாங்கியதைக் கண்டபோது எங்களுக்கு உண்டான வெட்கம் இன்னும் நீங்கவில்லை. அரை மணி நேரத்தைச் சேமிக்க எண்ணிப் பதினைந்து நாட்களை இழந்தோம். இழந்தவர்கள் நாங்கள் மட்டும் அல்லர்.

வெப்பம் எங்கே போகிறது?

எஞ்சினில் எரியும் டீசலின் வெப்பம் முழுவதும் ஏர் உழுவதற்குப் பயன்படுவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியை, எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் ஏந்திக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழாய்களின் வழியே நீர் இறங்கும்போது, குழாய்களோடு ஒட்டியுள்ள மென்தகடுகள் அந்த வெப்பத்தை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கின்றன. பின்னாலுள்ள விசிறி, முன்புறமிருந்து காற்றை இழுத்துத் தகடுகளின் இடையே செலுத்துகிறது.

இவ்வமைப்பு ஒரே நாளில் தோன்றியதன்று. 1886ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியில், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் கொதித்து ஆவியாகிப் போகும். வழியில் மீண்டும் மீண்டும் நீர் ஊற்றவேண்டும். பின்னர் வில்ஹெல்ம் மேபாக் என்னும் பொறியியலார், 1901ஆம் ஆண்டில் வெளிவந்த மெர்சிடிஸ் வண்டிக்குத் தேன்கூடு போன்ற ரேடியேட்டர் ஒன்றை அமைத்தார். அதில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. காற்று தொடும் பரப்பைப் பெருக்கியதால், வண்டி சுமக்கவேண்டிய நீரின் அளவு வெகுவாகக் குறைந்தது. இன்றைய டிராக்டரின் ரேடியேட்டர் வேறு வடிவமுடையதாயினும், அதன் அடிப்படை அதுவே. நீர் குறைவு, காற்று தொடும் பரப்பு மிகுதி. ஆதலால் காற்றின் வழி அடைபட்டால், தொட்டி நிறைய நீர் இருந்தும் பயனில்லை. நம்மில் பலர் முள் ஏறியவுடன் "தண்ணீர் குறைந்திருக்கும்" என்று மூடியைத் திறக்க ஓடுகிறோம். குறைந்திருப்பது பெரும்பாலும் தண்ணீரன்று, காற்றே.

நெல் விளையும் நாட்டில் இத்தொல்லை அதிகம். தகடுகளின் இடைவெளி ஓரிரு மில்லிமீட்டரே. முதலில் வைக்கோல் துணுக்கு குறுக்கே சிக்குகிறது. அதன்மேல் சுணை படிகிறது. அதன்மேல் தூசி படிகிறது. எங்கேனும் எண்ணெய்க் கசிவு இருந்தால் எல்லாம் சேர்ந்து மெழுகியதுபோல் இறுகிவிடுகிறது. மேலும், காய்ந்த பதர் புகைக்குழாயின் அருகே சேர்ந்தால் தீப்பற்றவும் கூடும்.

துப்புரவு செய்யும் முறை

முதலாவது, ஆறவிடுதல். கடும் வேலை முடிந்ததும் எஞ்சினை உடனே நிறுத்தாமல், சுமையின்றி மூன்று, நான்கு நிமிடங்கள் மெதுவாக ஓடவிட வேண்டும். பிறகு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சாவியை எடுத்துவிடுக. அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆறட்டும். இவ்வேலையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவேண்டிய அவசியமே இல்லை. சூடாக இருக்கும்போது ஒருபோதும் திறத்தலாகாது. உள்ளிருக்கும் நீர் அழுத்தத்தின் காரணமாக 100 டிகிரிக்கு மேலும் கொதியாமல் இருக்கும். மூடி தளர்ந்த கணத்தில் பொங்கி முகத்தில் பாயும். இதனால் முகமும் கண்ணும் வெந்துபோகக்கூடும்.

இரண்டாவது, கையால் எடுத்தல். பானெட்டைத் திறந்து, முன்வலையைக் கழற்றித் தட்டுக. சிக்கிய வைக்கோலைக் கையாலும், பதரை மென்மையான தூரிகையாலும் அகற்றுக. தகடுகள் ஓடும் திசையிலேயே தூரிகை செல்லவேண்டும். குறுக்கே தேய்த்தால் தகடுகள் மடியும். கம்பித் தூரிகை, திருப்புளி, கோணூசி ஆகியவை அருகிலும் வரக்கூடாது. தகட்டின் பின்னால் இருப்பது நீர்க்குழாய். அதில் துளை விழுந்தால், துப்புரவு செய்யாதிருந்ததைக் காட்டிலும் கேடாக முடியும்.

மூன்றாவது, ஊதுதல். இதில்தான் பலர் பிழை செய்கிறார்கள். முன்புறம் நின்று ஊதினால், குப்பை இன்னும் ஆழத்தில் சென்று இறுகும். காற்று வந்த வழியே அதைத் திருப்பி அனுப்பவேண்டும். அதாவது, விசிறியின் பக்கமிருந்து முன்புறம் நோக்கி ஊதவேண்டும். காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோவுக்கு மேற்படலாகாது. குழலைத் தகட்டுக்கு நேராகப் பிடிக்கவேண்டும்; சாய்த்துப் பிடித்தால் தகடுகள் வளையும். ஓர் அடி தொலைவிலிருந்து தொடங்கி மெல்ல நெருங்குக. கண்ணுக்குக் கண்ணாடியும், மூக்குக்கும் வாய்க்கும் துணியும் கட்டிக்கொள்ளுதல் அவசியம். நெற்சுணை நுரையீரலுக்கு நல்லதன்று.

நான்காவது, நீர் விடுதல். காற்றினால் போகாத மண்ணுக்குத் தோட்டக் குழாயின் சாதாரண நீரே போதும். அதையும் பின்புறமிருந்து முன்புறமாகவே விடுக. எண்ணெய்ப் பசை இருந்தால், சோப்புத் திரவத்தை நீரில் கரைத்துத் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுக. மண்ணெண்ணெய், பெட்ரோல் வேண்டா. காரச்சோடா கட்டாயம் வேண்டா. இன்றைய ரேடியேட்டர்கள் பல அலுமினியத்தால் ஆனவை, காரம் அதை அரித்துவிடும். தண்ணீர் விடுமுன் ஆல்டர்னேட்டர், மின்கம்பி இணைப்புகள், காற்று வடிகட்டியின் வாய் ஆகியவற்றைப் பாலிதீன் உறையால் மூடுக. முடிந்தபின் அவ்வுறைகளை எடுக்க மறவாதிருக்க. வாட்டர் சர்வீஸ் நிலையத்தின் உயரழுத்தப் பீச்சியை அருகில் பிடித்தால், தகடுகள் ஈரக் காகிதம்போல் மடிந்துவிடும்.

ஐந்தாவது, இடுக்கைப் பார்த்தல். சில டிராக்டர்களிலும் அறுவடை இயந்திரங்களிலும் ரேடியேட்டருக்கு முன்னால் எண்ணெய் குளிர்விப்பான் இருக்கும்; குளிர்சாதன அறையுடைய வண்டியானால் அதற்குரிய தகட்டுப் பெட்டியும் இருக்கும். இரண்டிற்கும் இடையிலுள்ள சந்தில் பதர் ஒரு பாய்போல் படிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் எல்லாம் துப்புரவாகத் தோன்றும். முள் மட்டும் இறங்காது. நகர்த்தும்படி அமைந்த குளிர்விப்பானானால் நகர்த்தி, அந்தப் பாயை எடுத்துவிட வேண்டும்.

ஆறாவது, விளக்குச் சோதனை. மாலையில் ஒருவர் விசிறியின் பக்கம் நின்று டார்ச் விளக்கைப் பிடிக்கட்டும். மற்றவர் முன்னாலிருந்து பார்க்கட்டும். ஒளி எங்கும் சீராகத் தெரிந்தால் வேலை முடிந்தது. இருண்ட திட்டு தென்பட்டால் அங்கே மீண்டும் ஊதவேண்டும். இச்சோதனைக்கு மெக்கானிக் வேண்டுவதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் செய்யலாம்.

கடைசியாக, விசிறி பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கவும். சுமார் ஒரு சென்டிமீட்டர் தாழ்வது பொதுவாகச் சரியான அளவு. தொளதொளவென்று இருந்தால் விசிறி வேகம் குறையும். ரப்பர்க் குழாய்களில் வெடிப்போ கசிவின் கறையோ உண்டா என்றும், நீர்மட்டம் சரியாக உள்ளதா என்றும் பார்த்துவிட்டு எஞ்சினை இயக்குக.

அறுவடையிலும் வைக்கோல் கட்டுவதிலும் இவ்வேலை நாள்தோறும் வேண்டும். முன்வலையை நடுவில் ஓரிரு முறை தட்டவும் வேண்டும். உழவுக் காலத்தில் வாரம் ஒருமுறை போதும். வீட்டில் கார் வைத்திருப்போரும் இம்முறையையே பின்பற்றலாம். ஆனால், கார்களில் விசிறி மின்சாரத்தால் ஓடுவது. சாவியை எடுத்தபின்னும் திடீரெனச் சுழலக்கூடும். ஆகவே பேட்டரியின் இணைப்பைக் கழற்றிய பின்னரே கை வைக்கவேண்டும்.

உட்புறத்து அழுக்கு

வெளிப்புறத்தைப் போலவே உட்புறமும் தூரும். கடற்கரையை ஒட்டிய நம் பகுதியில் பல போர்க்கிணறுகளின் நீர் உப்பும் கடினமும் உடையது. கொதிகலனில் படிவதுபோல் ரேடியேட்டர்க் குழாய்களிலும் சுண்ணாம்பு படிகிறது. அப்படிவு வெப்பத்தைக் கடத்தாமல் தடுக்கிறது. ஆதலால் உற்பத்தியாளர் சொல்லும் கூலண்டையே, கைப்புத்தகம் கூறும் விகிதத்தில், வாலைவடி நீரோடு கலந்து ஊற்றுவதே முறை. பெரும்பாலும் பாதிக்குப் பாதி என்பதே அவ்விகிதம். ஒரு வகைக் கூலண்டோடு வேறு வகையைக் கலத்தலாகாது. வயலில் திடீரென நீர் தேவைப்பட்டால், தூய்மையாகப் பிடித்துவைத்த மழைநீர் போர்க்கிணற்று நீரைவிட எவ்வளவோ மேல்.

வயலிலே முள் ஏறிவிட்டால் செய்யவேண்டியதையும் நினைவில் வையுங்கள். சுமையை உடனே நீக்கி, எஞ்சினை மெதுவாக ஓடவிடுக. முள் இறங்கினால் சிறிது நேரம் கழித்து நிறுத்தி ஆறவிடுக. முள் இறங்காவிட்டாலோ, நீராவி சீறினாலோ, நீர் ஒழுகினாலோ உடனே நிறுத்திவிடுக. சூடான எஞ்சின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கும். நாங்கள் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள்.

அரை மணிக்கு யார் கூலி கொடுப்பது?

நண்பர்களே, இதுவரை சொன்னவற்றில் ஓட்டுநர்கள் அறியாதது சிறிதளவே. அவர்கள் அறிந்தும் செய்ய முடியாமல் போவது ஏன்? வாடகை மணிக்கணக்கு. வண்டி நிற்கும் நேரத்துக்கு உழவர் பணம் தருவதில்லை. உரிமையாளரும் அதைக் கூலியில் சேர்ப்பதில்லை. வெளியூரிலிருந்து வரும் அறுவடை இயந்திரமோ, ஒரு வயலை முடித்த கையோடு அடுத்த வயலுக்கு ஓடுகிறது. வேலை செய்யும் நேரம் மட்டுமே நேரம், பேணும் நேரம் வீண் என்ற எண்ணம் நம் எல்லாரிடமும் இருக்கிறது. மாட்டைக் கொண்டு உழுத காலத்தில், நண்பகலில் ஏரை அவிழ்த்துத் தண்ணீர் காட்டும் நேரத்தை எவரும் வீண் என்று சொன்னதில்லை. வாயில்லா மாட்டுக்குக் காட்டிய இரக்கத்தை இயந்திரத்துக்குக் காட்டவேண்டாம்; நம் விளைச்சலுக்காவது காட்டுவோம்.

ஆகவே, பேச்சு ஒப்பந்தம் செய்யும்போதே நாளொன்றுக்கு அரை மணி நேரத்தைத் துப்புரவுக்கென்று ஒதுக்கி, அதையும் வேலை நேரமாகக் கணக்கிடுமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறோம். அதற்காகும் தொகையை உழவரும் உரிமையாளரும் பகிர்ந்துகொள்ளலாம். ஓட்டுநர் "முள் ஏறுகிறது" என்று சொன்னால், அந்தச் சொல்லுக்கு மறுசொல் இருக்கக்கூடாது. வெளியூர் இயந்திரம் வயலில் இறங்குமுன் துப்புரவு செய்யப்பட்டதா என்று கேட்பதும் உங்கள் உரிமையே. அதில் ஒட்டிவரும் பதரோடு, பிற ஊர் வயல்களின் களை விதைகளும் உங்கள் வயலில் வந்து விழுகின்றன என்பதை மறவாதீர்கள்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் சில சொற்கள். ஊரில் பொது இடம் ஒன்றில் ஒரு காற்றழுத்த இயந்திரம், நீளமான குழாய், மழைநீர் சேமிக்கும் தொட்டி ஆகிய மூன்றும் இருந்தால், அறுவடைக் காலத்தில் ஊரிலுள்ள வண்டிகள் யாவற்றுக்கும் உதவும். கூட்டுறவுச் சங்கத்தோடு சேர்ந்தும் இதைச் செய்யலாம். குப்பை அள்ளும் டிராக்டரும் தண்ணீர் லாரியும் பஞ்சாயத்தின் உடைமை ஆனால், அவற்றின் ரேடியேட்டரைத் துப்புரவு செய்த நாளை ஒரு குறிப்பேட்டில் எழுதிவரச் செய்யுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பழைய கூலண்டை வாய்க்காலிலோ குளத்திலோ ஊற்ற அனுமதிக்காதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடையது. ஆனால் கொடிய நஞ்சு. நாயோ கன்றோ நக்கினால் சிறுநீரகம் கெட்டு இறக்கும். குழந்தைகளுக்கும் அதே அபாயம். பழைய கூலண்டைச் சேர்க்க மூடியுள்ள பீப்பாய் ஒன்றைப் பொது இடத்திலே வைத்து, அதன்மேல் "நஞ்சு" என்று பெரிய எழுத்தில் எழுதி, நிறைந்ததும் முறைப்படி அகற்ற ஏற்பாடு செய்யவேண்டும்.

மழையை நாம் நிறுத்த இயலாது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் சங்கராபரணி எவ்வாறு பெருகியது என்பதை நாம் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அத்தகைய வானத்தின் கீழ் பயிரிடும் நமக்கு, அறுவடைக்குக் கிடைக்கும் வெயில் நாட்கள் எண்ணிச் சொல்லத்தக்கவை. அந்நாட்களில் இயந்திரம் படுத்துவிட்டால், ஆறு மாத உழைப்பு வயலிலே படுத்துவிடும்.

வாய்க்காலில் நீர் வருமுன் தூர் வாருவது நம் வழக்கம். டிராக்டரின் வாய்க்காலையும் முள் ஏறுமுன் தூர் வாருவோம். இன்று மாலை வீடு திரும்பியதும், ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு உங்கள் வண்டியின் முகப்பைப் பாருங்கள். ஒளி மறுபுறம் தெரிகிறதா என்று சோதித்துவிட்டு உறங்கச் செல்லுங்கள் என்று வேண்டிக்கொண்டு, எமது பேச்சை முடித்துக்கொள்கிறோம்.